பழைய தொழில் நிலத்தை வாங்குவோரும் மண்ணில் தங்கிய நஞ்சும்: பீடோர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பந்த யோசனை

பேராக் மாநிலத்தின் பீடோரைச் சுற்றியுள்ள நிலத்துக்கு இரண்டு கடந்தகாலம் உண்டு: ஈயலம்பம் (ஈயச் சுரங்கம்) ஒன்று, பால்மரத் தோட்டம் இன்னொன்று. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து விலை சரிந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பால்மரம் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டது. தாப்பாவுக்கும் சுங்கைக்கும் இடையில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பீடோரைத் தொட்டுச் செல்வதால், அந்த நிலத்தை இப்போது வீடமைப்புக்கும் தொழிற்கூடங்களுக்கும் கேட்டு வருகிறார்கள். விற்பனை ஒப்பந்தத்தில் மண்ணைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்: நிலம் உள்ளது உள்ளபடி கைமாறுகிறது. கவனமான வழக்கறிஞராக இருந்தால் இன்னொரு வரி சேர்ப்பார்: பழைய தூய்மைக்கேட்டால் வாங்குபவருக்கு வரும் இழப்பை விற்பவர் ஈடுசெய்வார்.

இந்த இரண்டாவது வரியும் பேராக் சூழலில் ஏறக்குறைய வெறுங்காகிதம் என்பதே இக்கட்டுரையின் வாதம். வாங்குபவருக்கு மெய்யான காப்பு வேண்டுமானால் மாநில அரசு மூன்றாவது தரப்பாக ஒப்பந்தத்தில் உட்கார வேண்டும். அதற்கான நாற்காலி தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 124 ஆம் பிரிவில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

தோட்ட மண்ணில் என்ன நஞ்சு இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் தோட்டத்தில் வாழாதவர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் லாலாங் புல்லைக் கருக்கச் சோடியம் ஆர்செனைட் தெளிக்கப்பட்டது. மறுநடவின்போது கிழட்டுப் பால்மரங்களைக் கொல்லவும் அது பயன்பட்டது. ஆர்செனிக் ஒரு தனிமம்; வெயிலோ மழையோ அதைச் சிதைத்து ஒழிக்காது. பராகுவாட்டை மலேசியா 2002 இல் தடைசெய்தது, 2006 இல் தடையைத் தளர்த்தியது, 2020 சனவரியில் மறுபடியும் தடைசெய்தது. மருந்து ஸ்டோர் எங்கே இருந்தது, கலக்கிய தொட்டியை எந்தக் காணில் கழுவி ஊற்றினார்கள் என்பது நில அலுவலகக் கோப்பில் இருக்காது. மருந்தடித்த பெண்களுக்குத் தெரியும். வாங்குபவரின் ஆலோசகர் முதலில் தேடிப்போக வேண்டியது அவர்களைத்தான். ஈயம் அலசிய மணலில் மிஞ்சும் அமாங் வேறு வகை. அதில் மோனசைட் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு. அமாங் பிரிக்கும் ஆலைகள் 1984 ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்தது அதனால்தான்.

சட்டம் வாங்குபவரை எங்கே நிறுத்தியிருக்கிறது? தொரன்ஸ் நிலப்பதிவு முறையில் பதிவேடே வேதம். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 340 ஆம் பிரிவு உரிமையை அசைக்க முடியாததாக்குகிறது, ஆனால் பதிவேடு மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17 ஆம் பிரிவுப்படி, பேசக் கடமை இல்லாதவரின் வெறும் மௌனம் மோசடி ஆகாது. மௌனம் மோசடியாகவே அமைந்தாலும் 19 ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது: சாதாரண கவனத்தோடு உண்மையைக் கண்டுபிடிக்க வாங்குபவருக்கு வழி இருந்திருந்தால், ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது.

இந்த விலக்கை 2009 இல் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட மூன்று வழிகாட்டிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மண் சோதனைக்கான வரம்பளவுகள், தள மதிப்பீடு, சீரமைப்பு ஆகிய மூன்றையும் அவை விளக்குகின்றன. அவை வழிகாட்டிகளே, விற்பவரைச் சோதிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் விதிகள் அல்ல. ஆனால் சோதிக்கும் வழி அச்சில் இருக்கும்போது, தெரிந்துகொள்ள வழியில்லை என்று வாங்குபவர் இனிச் சொல்வது கடினம். வாங்குபவரைக் காக்க எழுதப்பட்டதாக நாம் நினைக்கும் ஆவணம், வழக்குமன்றத்தில் விற்பவரின் வாதத்துக்கு உதவக்கூடும். நிலச் சட்ட வகுப்புகளில் இந்த முரண் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

வாங்கியபின் நிலைமை இன்னும் இறுகுகிறது. 1974 ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு மண்ணைக் கெடுத்தவரோடு நிற்பதில்லை, கெட அனுமதித்தவரையும் பிடிக்கிறது. கசிவைத் துப்புரவாக்கும்போது கிடைக்கும் கெட்ட மண் 2005 ஆம் ஆண்டு விதிகளில் பட்டியலிட்ட கழிவு. புதிய உரிமையாளர் அடித்தளத்துக்காக அதைத் தோண்டி எடுத்தால், கழிவை உண்டாக்கியவர் அவர்தான் என்ற வாதம் எழும். சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 2024 திருத்தம் அபராத உச்சத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியிருக்கிறது.

விற்பவர் தந்த உறுதிமொழி இங்கே கைகொடுக்குமா? அது இரு தரப்புக்குள் மட்டும் செல்லும். ஒப்பந்தத்தில் இல்லாதவர் அதன்மேல் வழக்காட முடியாது என்பதைப் பிரிவி கவுன்சில் கெப்போங் பிராஸ்பெக்டிங் வழக்கில் மலேசியாவுக்கும் உறுதிசெய்துவிட்டது. ஆகவே மேம்பாட்டாளரிடம் வீடு வாங்கும் குடும்பத்துக்கு அந்த உறுதிமொழியால் நேரடிப் பயன் இல்லை. அவர்கள் கையெழுத்திடும் வீடமைப்பு ஒப்பந்தம் சட்டம் விதித்த படிவம். அதன் 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்பு கட்டடத்துக்கு உரியது, அடியில் கிடக்கும் மண்ணுக்கு அல்ல. ஒப்பந்த வழக்குக்கு 6 ஆண்டே காலவரம்பு. மறைந்திருந்து பின்னால் தெரியவரும் சேதத்துக்குக் கூடுதல் அவகாசம் தரும் காலவரம்புச் சட்டத்தின் 6ஏ பிரிவு கவனக்குறைவு வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். இதற்குள் விற்றது ஒரே ஒரு நிலத்துக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனமாக இருந்தால், பணத்தைப் பங்கிட்டுக் கலைந்துபோயிருக்கும்.

காகிதத்தில் பொறுப்பைக் கைமாற்றுவதன் மிகப் பெயர்பெற்ற தோல்வி அமெரிக்காவின் லவ் கெனால். ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் ரசாயனக் கழிவு புதைத்த நிலத்தை 1953 இல் நயாகரா நகரப் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்கு விற்றது. இனி எந்தத் தீங்குக்கும் தாங்கள் பொறுப்பல்ல என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டது. 1978 இல் அங்கே நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 1995 இல் ஹூக்கரின் தாய் நிறுவனமான ஆக்சிடென்டல் கூட்டரசுக்கு 12 கோடியே 90 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அரசு தரப்பாக இல்லாத வாசகம் அரசைக் கட்டவில்லை.

நமக்குப் பக்கத்துக் கதை புக்கிட் மேரா. ஈப்போவுக்கு அருகில் 1982 இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை, அமாங்கில் கிடைத்த மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தது. குடியிருப்பாளர்கள் 1985 இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992 சூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது, 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கில் வென்ற நிறுவனம் 1994 சனவரியில் மூடுவதாக அறிவித்தது. ஆலைத் தளத்தைத் துப்புரவாக்கி, கழிவைக் கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கும் வேலைக்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் ஆகும் என்று 2011 இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தச் செலவை எந்தத் தீர்ப்பும் கறக்கவில்லை. பங்குதாரராக மிட்சுபிஷி கெமிக்கல் என்ற பெரிய பெயர் நின்றதால்தான் பணம் வந்தது. பீடோரின் ஒரு சிறு லம்பத்துக்கோ துண்டாடப்பட்ட தோட்டத்துக்கோ பின்னால் அப்படி யார் நிற்கிறார்கள்?

அமெரிக்கா பின்னர் ஒரு வழி கண்டது. 1989 முதல் அங்கே சுற்றுச்சூழல் முகமை, கெட்ட நிலத்தை வாங்க முன்வருபவரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தது: சொன்ன துப்புரவை அவர் செய்வார், பழைய பாவத்துக்காக அரசு அவர்மேல் வழக்குப் போடாது. 2002 திருத்தம், வாங்குமுன் முறையாக விசாரித்த நல்லெண்ண வாங்குநருக்குச் சட்டப் பாதுகாப்பே கொடுத்தது. பிரிட்டன் வேறு வழியில், கெடுத்தவரை முதலிலும் அவரைக் காணாதபோது மட்டும் நிலவுரிமையாளரையும் பொறுப்பாக்கியது. நிலைமையைத் தெரிவித்து விற்றதா என்பதையும் அங்கே எடைபோடுகிறார்கள்.

மலேசியாவில் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. சுற்றுச்சூழல் துறை கூட்டரசினுடையது, நிலம் மாநிலத்தினுடையது. துறை மட்டும் கையெழுத்திட்டால் பட்டாவில் எதுவும் ஏறாது. ஆனால் விவசாய நிலம் கட்டட நிலமாகவோ தொழில் நிலமாகவோ மாற 124 ஆம் பிரிவின்கீழ் மாநில அரசின் ஒப்புதல் தேவை. அந்தத் தருணத்தில் மாநிலம் பிரிமியம் கேட்கிறது, நிபந்தனை விதிக்கிறது. பட்டாவில் பதியும் வெளிப்படை நிபந்தனை நிலத்தோடு ஓடும். யார் வாங்கினாலும் அவரைக் கட்டும். தாப்பா நில அலுவலகத்தில் விண்ணப்பம் கிடக்கும் அந்த மாதங்களில் விற்பவர், வாங்குபவர், மாநிலம் மூவரும் துறையின் ஆலோசனையோடு கையெழுத்திடுவதே என் யோசனை. மண் சோதனை அறிக்கை இணைப்பாக வரட்டும். சீரமைப்பு அளவு எண்ணில் எழுதப்படட்டும். அதை முடித்த வாங்குபவர்மேல் பழைய தூய்மைக்கேட்டுக்காக நடவடிக்கை இல்லை என்று கூட்டரசும் எழுதித் தரட்டும்.

பணம் எங்கிருந்து வரும்? விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பது நமக்குப் புதிதல்ல. 1976 ஆம் ஆண்டு நில ஆதாய வரிச் சட்டத்தின்படி வாங்குபவர் விலையில் பொதுவாக 3 விழுக்காட்டைப் பிடித்து வருமானவரி வாரியத்துக்குக் கட்டுவது அன்றாட நடைமுறை. வரிக்காகப் பிடிக்கத் தெரிந்த நமக்கு மண்ணுக்காகவும் பிடிக்கத் தெரியும். சீரமைப்பு முடியும்வரை அத்தொகை வழக்கறிஞர் கையில் இருக்க வேண்டும். விற்ற நிறுவனம் கலைந்தாலும் பணம் கலையாது.

ஓர் ஆட்சேபம் வலுவானது. பட்டா நிபந்தனை மீறப்பட்டால் தண்டனை நிலப் பறிமுதல்வரை போகலாம். துண்டு போட்டு விற்றபின் அது விழுவது அப்பாவிக் குடும்பங்கள்மீது. ஆகவே சீரமைப்புச் சான்று வராமல் தாய்ப்பட்டாவைப் பிரிக்க மாநிலம் அனுமதிக்கக் கூடாது. மேம்பாட்டாளர்கள் பின்வாங்குவார்கள் என்ற இரண்டாவது ஆட்சேபம் என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. தெரியாத பொறுப்பைவிடத் தொகை தெரிந்த பொறுப்புக்கு வங்கி எளிதாகக் கடன் தரும்.

1960 இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் துண்டாடலுக்குப் பதிலாகத் தொழிலாளரையே நிலம் வாங்குவோராக்கியது. அன்று மண்ணின் நஞ்சை யாரும் கேட்கவில்லை. இன்று கேட்காமல் வாங்கும் கூட்டுறவோ கோயில் குழுவோ தமிழ்ப்பள்ளி வாரியமோ வழக்குமன்றத்தில் அறியாமையைச் சொல்லித் தப்ப முடியாது. பேராக் ஆட்சிக்குழு 124 ஆம் பிரிவு விண்ணப்பங்களோடு மண் சோதனை அறிக்கையையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை.