தெருவிலிருந்து இசைத்தட்டுக்கு

விற்பனைக் கணக்கைக் கொண்டு கலையை மதிப்பிடுதல் தகாது என்பர். அது உண்மையே. ஆயினும், ஒரு சமுதாயம் தன் வாயால் ஒப்புக்கொள்ளாத துயரை அதன் விற்பனைக் கணக்கு சில வேளைகளிற் காட்டிக்கொடுத்து விடுகின்றது.

1970 மார்ச் மாதத்தில் யப்பானிய நகரான ஒசாக்காவில் உலகப் பொருட்காட்சி திறக்கப்பட்டது. முன்னேற்றமும் இணக்கமும் என்பதே அதன் முழக்கம். அதே மாதத்தில் பூஜி கெய்க்கோ என்னும் 18 வயதுப் பாடகியின் முதலாவது நெடுநேர இசைத்தட்டு வெளிவந்தது. சிஞ்சுக்குப் பகுதியின் இரவு விடுதிகளில் ஏமாற்றப்பட்ட பெண்ணின் துயரைப் பாடும் அத்தட்டு 20 வாரங்கள் தொடர்ந்து விற்பனையில் முதலிடத்தில் நின்றது. அதனை அகற்றி அவ்விடத்தைப் பிடித்ததும் அவருடைய இரண்டாவது தட்டே. இரண்டும் சேர்ந்து 37 வாரங்கள் அசையாது நின்றன. முன்னேற்றத்தின் திருவிழாவிலே மக்கள் சோகத்தை விலைகொடுத்து வாங்கியது ஏன்?

1968இல் யப்பான் முதலாளித்துவ நாடுகளுள் இரண்டாவது பெரும் பொருளாதாரமாக உயர்ந்தது. அவ்வுயர்வுக்கு உழைத்தோர் யாவர்? இடைநிலைப் பள்ளியை முடித்த கையோடு தனிப் புகைவண்டிகளில் ஏற்றப்பட்டு நகரத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பப்பட்ட கிராமத்துச் சிறுவர் சிறுமியர் அவர்களுட் பலர். முதலாளிகள் அவர்களைப் ‘பொன் முட்டைகள்’ என்று அழைத்தனர். முட்டையின் விலை தெரிந்தவர்களுக்கு அதனுள் இருந்த உயிரின் ஏக்கம் தெரியவில்லை.

கெய்க்கோவும் அத்தகைய வாழ்விலிருந்து வந்தவரே. தந்தை கதைப்பாடகர்; பார்வையற்ற தாய் சமிசென் என்னும் நரம்புக்கருவி இசைப்பவர். வடபுலத்து ஹொக்கைடோவின் பனியூர்களிலே பெற்றோருடன் பாடித் திரிந்த அச்சிறுமி, உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லாமலே டோக்கியோவை அடைந்தார்.

அவர் பாடிய ‘என்கா’ என்னும் பாட்டுவகையின் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1880களில், மக்களுரிமை இயக்கத்தாரின் கூட்டங்களையும் சொற்பொழிவுகளையும் அரசு ஒடுக்கியபோது, அவர்கள் தம் சொற்பொழிவைப் பாட்டாக்கித் தெருவிலே பாடினர். சொற்பொழிவுப் பாட்டு என்பதே அப்பெயரின் மூலப்பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொயெதா அசெம்போ போன்றோர் ஏழைகளின் துயரையும் பணக்காரரின் ஆடம்பரத்தையும் அவ்வடிவிலேயே பாடினர். ஆனால், 1960களின் பிற்பகுதியிலே இசைத்தட்டு வாணிபம் அப்பெயரைக் காதற் சோகத்திற்கு உரியதாக்கிக்கொண்டது.

இம்மாற்றத்திற்குச் சிஞ்சுக்குவே சான்று. 1969இல் அங்குள்ள புகைவண்டி நிலையச் சதுக்கத்திலே இளைஞர் திரண்டு வியட்நாம் போருக்கெதிராகப் பாடினர். சதுக்கம் எனில் கூடும் உரிமை எழும் என்றஞ்சி, அவ்விடத்தை ‘நடைவழி’ எனப் பெயர்மாற்றி, பொலிசார் கூட்டத்தைக் கலைத்தனர். அவ்வாண்டு செப்டெம்பரிலேயே கெய்க்கோவின் முதற்பாடல் வெளிவந்தது. ஒன்று மற்றொன்றின் விளைவு என்று நாம் கூறவில்லை. கூடிப் பாடுதல் தடுக்கப்பட்ட ஊரின் பெயர், தனித்திருந்து கேட்கும் தட்டிலே விலைபோயிற்று என்பதே மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இப்பாடல்களை வெறும் வணிகச் சரக்கென்று ஒதுக்குவது அவசரமான தீர்ப்பாகும். நாவலாசிரியர் இட்சுக்கி ஹிரொயுகி இவற்றை மனக்கசப்பின் பாட்டு என்று பொருள்படும் எழுத்தால் குறித்தார். அக்குரலின் கரகரப்பு பொய்யன்று. குறை வேறிடத்திலே உள்ளது. பழைய என்கா துயரின் காரணத்தைச் சுட்டியது. புதிய என்கா துயரை விதியாக்கியது.

1999இல் கெய்க்கோவின் பிள்ளை உத்தாடா ஹிக்காரு பாடிய ‘பர்ஸ்ட் லவ்’ 70 இலட்சத்துக்கு மேல் விற்று, யப்பானில் எந்தத் தட்டும் எட்டாத உயரத்தை எட்டியது. 2013இல் தாய் அதே சிஞ்சுக்குவிலே உயிர்நீத்தார்.

மக்கள் எதை வாங்கினர் என்பதை வாணிபம் எண்ணி வைத்திருக்கிறது. ஏன் அழுதனர் என்பதை எழுதவேண்டியது வரலாற்றின் கடன்.