அழும் விதவை

1960 ஜூலையில் இலங்கையில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானார். உலகிலேயே முதல் பெண் பிரதமர் அவர்தாம். கொலையுண்ட கணவரின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டவரை, 'அழும் விதவை' என்று எதிரிகள் பரிகசித்தார்கள். பெண்ணுக்கு அழத்தான் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். பெண் என்றால் இரங்குவாள் என்பது வேறு சிலரின் நம்பிக்கை. இரண்டையுமே 1964 அக்டோபர் பொய்யாக்கிவிட்டது என்பேன். அந்த மாதம் லால்பகதூர் சாஸ்திரியுடன் அவர் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். 5,25,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. சம்பந்தப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரை யார் விதவையாகப் பார்த்தார்கள்? ஆள்பவராகவே பார்த்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறிய தோட்டத் தொழிலாளிக்கு, கையெழுத்திட்டவர் ஆணா, பெண்ணா என்பதில் என்ன இருந்தது?