எதிரி இல்லாத கேம்

1962-இல் எம்.ஐ.டி.யில், அறையை அடைத்துக்கொண்டிருந்த பிடிபி-1 என்ற கணினியில், ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள். ஒன்று இன்னொன்றைச் சுட வேண்டும். அவ்வளவுதான். காசுக்காகச் செய்ததில்லை, ஆசைக்காகச் செய்தது. ஆனால் திரையில் இரண்டு பேர் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அன்றைக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது: சுடுவார்கள். அடுத்து வந்த தலைமுறைகள் பெரும்பாலும் அந்தப் பதிலைத்தான் அழகுபடுத்திக்கொண்டிருந்தன என்பது என் எண்ணம்.

அந்தப் பதிலோடு மல்லுக்கு நின்ற ஒரு மாணவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஷாங்காயில் 1981-இல் பிறந்த சிங்ஹான் சென், ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ கேமில் வரும் ஒரு பெயரை எடுத்துத் தனக்கு ஜெனோவா என்று வைத்துக்கொண்டவர். அங்கே கணினி அறிவியல் படித்துவிட்டு, முதுகலைக்காகத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் போனார். 2005-இல் சக மாணவர்களோடு சேர்ந்து ‘க்ளவுட்’ செய்தார். சின்ன வயதில் அவருக்கு ஆஸ்துமா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள்தான் அந்த கேமின் கரு. அதில் வரும் குழந்தையும் ஆஸ்பத்திரியில் தூங்குகிறது, கனவில் பறக்கிறது, வெள்ளை மேகங்களைச் சேர்த்து உருவங்கள் வரைகிறது, கருமேகத்தோடு கலந்து மழை பெய்ய வைக்கிறது. சுட ஆளில்லை, ஓட்டப்பந்தயமும் இல்லை. இதை யார் விளையாடுவார்கள் என்றுதானே தோன்றும்? இலவசமாக வெளியிட்டார்கள். வந்து குவிந்த கூட்டத்தில் சர்வர் படுத்துவிட்டது.

அந்தக் கூட்டம் அவருக்கு ஒன்றைச் சொன்னது. ஆட்களுக்குப் பரபரப்பு மட்டும் போதவில்லை; சினிமாவிலும் பாட்டிலும் கிடைக்கிற மற்ற உணர்ச்சிகளையும் கேமில் தேடுகிறார்கள். பெரும்பாலான டிசைனர்கள் ‘வீரர் என்ன செய்வார்?’ என்று தொடங்குவார்கள். சென் ‘வீரருக்கு என்ன தோன்ற வேண்டும்?’ என்று தொடங்கினார். மாணவராக அவர் வகுத்துக்கொண்ட இலக்கு இதுதான்.

2006-இல் முதுகலை ஆய்வுக்காக நிக்கோலஸ் கிளார்க்குடன் ‘ஃப்ளோ’ செய்தார். செய்கிற வேலை ரொம்ப எளிதாகவும் இல்லாமல் ரொம்பக் கடினமாகவும் இல்லாமல் இருந்தால் மனம் அதில் கரைந்துபோகும் என்பது உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியின் கருத்து. அதை சென் ஒரு புழுவின் கதையாக்கினார். நீருக்குள் நீந்தி, சிற்றுயிர்களைத் தின்று அது வளரும். அடுத்த ஆழத்துக்குப் போவதா, மேலே திரும்புவதா என்பது உங்கள் விருப்பம். ‘ஈஸி’, ‘ஹார்ட்’ என்று முன்கூட்டியே கேட்கிற வேலையெல்லாம் இல்லை. இந்த கேம், 2012-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாகச் சேகரித்த 14 வீடியோ கேம்களில் ஒன்றாக இடம்பெற்றது.

படிப்பு முடிந்ததும் கெல்லி சான்டியாகோவுடன் ‘தட்கேம்கம்பெனி’யைத் தொடங்கினார். சோனியோடு மூன்று கேம்களுக்கு ஒப்பந்தம். மூன்றாவதுதான் ‘ஜர்னி’. பாலைவனத்தில் தூரத்து மலையை நோக்கி நடக்கிறீர்கள். வழியில் முகமறியாத இன்னொருவர் வருவார். பெயர் தெரியாது, பேச முடியாது. ஓர் இசை ஒலியை மட்டும் எழுப்பலாம். அன்பு தானாக மலரும் என்று நினைத்திருந்தார் சென். ஆனால் ஒருவரையொருவர் தள்ளலாம் என்று சோதனையில் விட்டுப் பார்த்தபோது, உதவுவதைவிடப் பள்ளத்தில் தள்ளிவிடுவதில்தான் ஆட்களுக்குக் குஷி. அவர் மனிதர்களைக் குறை சொல்லவில்லை. புது உலகத்துக்குள் நுழைகிறவர் குழந்தை மாதிரி, எதைச் செய்தால் பெரிய விளைவு வருகிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்வார் என்று புரிந்துகொண்டார். தள்ளும் வசதியை எடுத்துவிட்டார். பதிலாக, இருவரும் தொட்டுக்கொண்டால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடும் என்று வைத்தார். அவ்வளவுதான், ஆட்கள் ஒட்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள்.

கேமை முடிப்பதற்குள் கம்பெனியின் பணம் தீர்ந்துபோனது. ஆனாலும் 2012-இல் ‘ஜர்னி’ வெளிவந்தது. ‘ஸ்பேஸ்வார்’ வந்து சரியாக 50 ஆண்டுகள். திரையில் இரண்டு பேர் சந்தித்தார்கள், சுடவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதைதான். ஆனால் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. மனதைக் கரைய வைக்கும் அதே வித்தையைத்தான் இன்று நம் போனில் இருக்கும் பல ஆப்களும் நேரத்தை விழுங்கப் பயன்படுத்துகின்றன. சென்னின் கம்பெனியே 2019-இல் வெளியிட்ட ‘ஸ்கை’ இலவச கேம்தான். வருமானம் உள்ளே வாங்கும் பொருட்களிலிருந்து வருகிறது. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி ஓட வேண்டுமே. ஆனால் எந்த விதியை வைக்கிறோமோ அந்த மாதிரி மனிதர்கள்தான் உள்ளே உருவாவார்கள் என்று ‘ஜர்னி’ காட்டியது உண்மையென்றால், கடையும் ஒரு விதிதான்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஓய்வு நேரத்தில் யூனிட்டியையோ கோடோவையோ திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கிராஃபிக்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் உலகத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் என்ன செய்ய முடியும்? முதலில் அதை எழுதி வையுங்கள்.