பிறர் ஏட்டில் பெயர், தம் ஏட்டில் வாழ்வு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு இரு வழிகளில் எழுத்தில் ஏறுகிறது. அம்மக்களே தம் மொழியில், தம் தேவைக்காக எழுதி வைப்பது ஒரு வழி. அவர்களை ஆள்வோரும் வேலை வாங்குவோரும் தம் கணக்கிற்காக எழுதி வைப்பது மற்றொரு வழி. முதலாவதில் மக்கள் பேசுகின்றனர், இரண்டாவதில் எண்ணப்படுகின்றனர். இவ்வேறுபாடு ஏட்டாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. ஓரினத்தின் மொழியும், மருத்துவ அறிவும், குடும்ப வரலாறும், சில வேளைகளில் குடியுரிமையும் கூட இதனைப் பொறுத்தே நிலைபெறுகின்றன, அல்லது அழிகின்றன. பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் நிலையை இந்த அளவுகோல் கொண்டு நோக்குதல் பயனுடையதாகும்.

மலையும் கணக்கேடும்

கேமரன் மலை என்னும் பெயரே பிறர் ஏட்டிலிருந்து வந்ததாகும். 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயர் மலைக்கு வழங்கலாயிற்று. அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே செமாய் மக்கள் இம்மலைக் காடுகளில் வாழ்ந்திருந்தனர். அவர்தம் மொழிக்குத் தனி எழுத்து இல்லை. ஆறுகளுக்கும் மேடுகளுக்கும் அவர்கள் இட்ட பெயர்களும், மரப்பட்டை, வேர், இலை ஆகியவற்றைப் பற்றிய அவர்தம் அறிவும் வாய்மொழியாகவே வழிவழி வந்தன. அளந்தவர் பெயர் நிலப்படத்தில் ஏறிற்று. வாழ்ந்தவர் பெயர் ஏறவில்லை.

1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், குளிரும் மழையும் மிக்க சரிவுகளில் தேயிலை செழித்தது. காடு வெட்டவும், கன்று நடவும், கொழுந்து பறிக்கவும் தமிழ்த் தொழிலாளர் இம்மலையேறினர். 1938இல் இந்திய அரசு மலாயாவிற்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத் தமிழர் வந்து போகும் கூட்டமாக இருந்த நிலை மாறி, இங்கேயே பிறந்து இங்கேயே முதுமையுறும் குடிகளாயினர்.

இக்குடிகளைப் பற்றிய எழுத்துச் சான்றாக முதலில் நிற்பது தோட்டத்துச் செக்ரோல் ஏடு. காலைப் பெரட்டில் கிராணி பெயர் அழைப்பார். வந்தவர்க்குக் கோடு விழும். வராதவர்க்கு நாட்கூலி போகும். ஒருவர் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கொழுந்து பறித்தார் என்பதை அவ்வேடு சொல்லும். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது என்ன கசாயம் கொடுத்தார், இறந்த தாய்க்கு எவ்வாறு ஒப்பாரி வைத்தார் என்பவற்றை அது சொல்லாது. அதற்காக எழுதப்பட்ட ஏடும் அன்று அது.

தமிழர் கைவந்த மரபு

எழுதிக் காத்தல் தமிழர்க்குப் புதிய கலையன்று. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, மஞ்சளும் கரியும் தடவி, நூலிற் கோத்து, பரண்மேல் வைத்துக் காத்த இனம் தமிழினம். ஓலை நிலையானதும் அன்று. செல்லும் பூச்சியும் ஈரமும் அதனைத் தின்றுவிடும். ஆகவே சில தலைமுறைக்கு ஒருமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தனர். இன்று சங்க நூல்கள் உள்ளன என்றால், அவற்றைப் பாடிய புலவர் மட்டுமல்லர், பெயர் தெரியாத படியெடுப்போர் பலரும் அதற்குக் காரணராவர்.

படியெடுப்போர் இல்லாத காலத்தில் நேர்ந்ததை உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்ற அவருக்கு, சிதைந்த சுவடிகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக மறுமொழி கிடைத்தது. அவற்றை எரித்தவர் தமிழுக்குப் பகைவர் அல்லர். சாத்திர முறைப்படியே செய்ததாக நம்பியவர். அறியாமையோடு பக்தி சேர்ந்த இடத்தில் ஏடு சாம்பலாயிற்று. எஞ்சியவற்றைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அவர் அச்சேற்றிய வரலாறு தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே.

ஆயினும் சுவடி என்றவுடன் இலக்கியத்தை மட்டும் நினைப்பது குறையாகும். தமிழ்ச் சுவடிகளுள் மருத்துவச் சுவடிகள் பெருந்தொகையின. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் (1798-1832) தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையம் அமைத்து, கைகண்ட மருந்து முறைகளைத் தொகுக்கச் செய்தார். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் சரசுவதி மகால் நூலகத்தால் வெளியிடப்பட்டன. 1997ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தன் உலக நினைவுப் பதிவேட்டில் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டது. வைத்தியர் வீட்டுப் பரணில் கிடந்த ஓலை உலகப் பொதுச் செல்வமாக ஏற்கப்பட்டது.

மூன்றாவது வகை, ஊர்ப் பதிவுகள். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பத்தார் காத்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டு ஆராய்ந்தார், பின்னாளில் அ. கா. பெருமாள் அவற்றை நூலாக்கினார். நில விற்பனை, கடன், வரி முதலிய செய்திகளோடு, மனிதரை அடிமையாக விற்ற செய்தியும் அவ்வோலைகளில் உண்டு. விற்கப்பட்டவரின் பெயர் அங்கே இருக்கிறது. அவர் சொல் இல்லை. தமிழ் ஏட்டிலேயே கூட, எழுதும் கை யாருடையதோ அவர் பார்வையே ஏடாகிறது என்பதற்கு இது சான்று. தமிழில் எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது. எளிய மக்கள் தாமே எழுதியிருத்தல் வேண்டும்.

செரோக்கியர் தந்த சான்று

எளிய மக்கள் தாமே எழுதினால் என்ன விளையும் என்பதற்கு வட அமெரிக்கப் பழங்குடியினராகிய செரோக்கியர் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். அவ்வினத்தைச் சேர்ந்த செக்குவோயா ஆங்கிலம் படிக்கத் தெரியாத வெள்ளிக்கொல்லர். வெள்ளையர் தாளைப் பார்த்துப் பேசுவதைக் கண்டு, தம் மொழிக்கும் எழுத்து வேண்டுமென முயன்று, 1821இல் ஓரெழுத்து முறையை நிறைவு செய்தார். தமிழில் க, கா, கி என்பன போல, ஓரசைக்கு ஓரெழுத்தாக அமைந்தது அது. இன்று அதில் 85 எழுத்துகள் உள்ளன. சில ஆண்டுகளுக்குள் பெருந்தொகையான செரோக்கியர் அதனைக் கற்றுக்கொண்டனர். 1828இல் செரோக்கி ஃபீனிக்ஸ் என்னும் செய்தித்தாள் அவ்வெழுத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

பத்தாண்டுகளில் பேரிடர் வந்தது. 1838-39இல் அமெரிக்க அரசு அவர்களைத் தாய்மண்ணிலிருந்து பெயர்த்து, மிசிசிப்பி ஆற்றிற்கு மேற்கே நடத்திச் சென்றது. கண்ணீர்த் தடம் எனப்படும் அப்பயணத்தில் ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என்பர். நிலம் போயிற்று, எழுத்து உடன் சென்றது. மலைகளில் தங்கிவிட்ட ஒரு பகுதியினரிடமும் அது நிலைத்தது.

வட கரோலினா மலைகளில் எஞ்சியிருந்த அச்செரோக்கியரிடம் 1887இல் ஜேம்ஸ் மூனி என்னும் ஆய்வாளர் சென்றார். அங்கே அயுனினி என்னும் மருத்துவப் பெரியவரைக் கண்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவரிடம் ஏறத்தாழ 240 பக்கங்கள் கொண்ட சாதாரணக் குறிப்பேடு ஒன்று இருந்தது. நோய் தீர்க்கும் மந்திரங்களும், பாடல்களும், மூலிகை முறைகளும் செக்குவோயாவின் எழுத்தில் அதில் எழுதப்பட்டிருந்தன. அதுபோன்ற ஏடுகள் பிறரிடமும் இருந்தன. இனாலி என்பவர் விட்டுச்சென்ற தாள்களில் மருத்துவக் குறிப்புகளோடு ஊர் மன்றச் செய்திகளும் கடிதங்களும் கலந்திருந்தன. இவ்வாறு ஏறக்குறைய 600 மருத்துவ, மந்திர வாசகங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒரு பகுதியை மூனி 1891இல் வெளியிட்டார். 1899இல் அயுனினி மறைந்தார். அவர் ஏடு 1932இல் நூலாயிற்று.

நெடுங்காலம் வாய்மொழியாக வந்த அவ்வறிவு, சொந்த எழுத்து கிடைத்தவுடன் குறிப்பேட்டில் ஏறியது. அரசோ பல்கலைக்கழகமோ அவர்களை எழுதச் சொல்லவில்லை. நோயாளிக்கு மருந்து சொல்ல வேண்டியிருந்தது, எழுதினர். ஊர்ச் செய்தி மறக்கலாகாது, எழுதினர். இதே இனத்தைப் பற்றிப் பின்னர் அமெரிக்க அரசு தொகுத்த டாவ்ஸ் பெயர்ப் பட்டியல் என்பதும் உண்டு. ஓக்லகோமாவிலுள்ள செரோக்கி நாட்டில் ஒருவர் குடியாவதற்கு, தம் முன்னோர் பெயர் அப்பட்டியலில் இருப்பதை இன்றும் காட்ட வேண்டும். பட்டியல் உரிமையை உறுதி செய்கிறது. அவ்வினத்தார் யார், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் குறிப்பேடே சொல்கிறது. ஓரினத்திற்கு இரண்டும் வேண்டும்.

ஏடின்மையின் விலை

தோட்டத் தமிழர்க்கு இவ்விரண்டும் இல்லாமற் போன காலங்கள் உண்டு. 1942-43இல் சப்பானியர் சயாமிற்கும் பர்மாவிற்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறக்குறைய 7,000 கல்லறைகள் அங்கே வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய பெயர்வரிசை இல்லை. கைதிகளின் பெயரைப் படை அலுவலகம் எழுதி வைத்திருந்தது. தொழிலாளியின் பெயரை எழுதி வைத்தவர் இல்லை. போனவர் யார், திரும்பாதவர் யார் என்பது லயத்து முதியோர் நினைவிலேயே இருந்தது. அம்முதியோரும் மறைந்தனர்.

1957இல் நாடு விடுதலை பெற்றபின் மற்றொரு துன்பம் எழுந்தது. பிறந்த இடமும் நாளும் காட்டும் சான்று இல்லாதவர், இம்மண்ணிலேயே பிறந்திருந்தும் குடியுரிமை பெற இயலாது சிவப்பு அடையாள அட்டையோடு வாழ நேர்ந்தது. தாய்க்கு நினைவிருக்கும், அலுவலகத்திற்கு ஏடு வேண்டும். எழுதி வைக்கப்படாத பிறப்பு பல குடும்பங்களில் பிள்ளையின் படிப்பையும் வேலையையும் மறித்து நின்றது.

மலைத் தோட்டங்களில் எஞ்சியிருப்பவை

தோட்ட மக்களின் கையெழுத்து அடியோடு இல்லாமலும் இல்லை. மாரியம்மன் கோயில் வரிப்பணக் குறிப்பேடு ஒருவகை ஊர்ப் பதிவே. யார் வரி கொடுத்தார், திருவிழாவிற்கு அரிசி எவ்வளவு வாங்கப்பட்டது என்னும் வரிகளில் ஒரு லயத்தின் குடும்பங்கள் யாவும் அடங்கும். தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு மற்றொன்று. மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், தோட்டத்தின் பெயர் ஆகியவை அதில் காணப்படும். தாயகத்திலிருந்து வந்த கடிதங்கள், திருமண அழைப்பிதழ்கள், கருமாதிப் பத்திரிகைகள், மொய்க் குறிப்பேடுகள் ஆகியனவும் இவ்வகையில் அடங்கும்.

மருத்துவ அறிவோ பெரும்பாலும் பெண்கள் நாவிலேயே இருந்தது. தோட்டத்து மருத்துவமனையில் டிரசர் மருந்து கொடுத்தார். ஆயினும் பிள்ளைப்பேற்று மருந்தும், குழந்தைக்கு உரைமருந்தும், சளிக்குத் துளசியும் கற்பூரவல்லியும் பாட்டியர் அறிவாகத் தொடர்ந்தன. வேம்பு வளராத குளிர்மலையில் எதற்கு எதனை மாற்றாகக் கொண்டனர், செமாய் மக்களிடமிருந்து ஏதேனும் கற்றனரா என்னும் வினாக்களுக்கு விடை எந்தச் சித்த மருத்துவ நூலிலும் இராது. அம்மலையில் வாழ்ந்தவரே சொல்ல வேண்டும்.

சொல்லும் காலமும் சுருங்கி வருகிறது. கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்போரில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதி; பல சரிவுகளில் பொறி வந்துவிட்டது. தமிழ் இளைஞர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். லயத்து வீட்டை ஒழிக்கும்போது பழந்தாள்கள் குப்பையோடு எரிகின்றன. நகரத்துப் பெரிய ஏடுகளும் நிலைத்தவை அல்ல. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது.

ஆசிரியர் செய்யத்தக்கது

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அயுனினியின் ஏடு கடையில் விற்கும் குறிப்பேடே. ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியும் மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு ஒரு தோட்ட ஏடு தொடங்கலாம். மாணவர் தம் வீட்டு முதியவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுதல் வேண்டும். பெரட்டு, கிராணி, லயம் போன்ற சொற்களைக் கொச்சையென நீக்கிவிட்டால் அம்மக்களின் வாழ்வே நீங்கிவிடும். சொன்னவர் பெயர், வயது, ஊர், எழுதிய நாள் ஆகிய நான்கும் ஒவ்வொரு பக்கத்திலும் இருத்தல் நன்று.

மருத்துவக் குறிப்பை எழுதுங்கால் சொல்பவரின் இசைவு பெறுதல் கடமை. மருத்துவர் சிலர் தம் முறையை மறைபொருளாகப் போற்றுவர். அவர்தம் விருப்பத்தை மதித்தல் வேண்டும். எழுதப்பட்ட மருந்தை ஆய்ந்து பாராமல் நோயாளிக்குக் கொடுத்தலும் தகாது. எழுதிக் காப்பது வேறு. மருத்துவம் செய்வது வேறு.

எல்லாவற்றிற்கும் மேலாக, படி எடுத்தல் இன்றியமையாதது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச் சுவடிகளும் அவற்றோடு எரிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்தவை மீளவில்லை. மலையின் ஈரமோ தீயைவிட மெதுவாக, ஆனால் தவறாமல் தாளைத் தின்கிறது. ஆகவே தோட்ட ஏட்டிற்கு மூன்று படிகள் வேண்டும். ஒன்று பள்ளியிலும், ஒன்று சொன்னவர் குடும்பத்திலும், ஒன்று மலையடிவாரத்திற்கு அப்பால் ஒரு நூலகத்திலும் இருத்தல் நலம். ஒளிப்படம் எடுத்துக் கணினியில் சேர்த்தலும் இன்று எளிதே. எனினும் தாளில் எழுதிய படியையும் கைவிடலாகாது.

கேமரன் மலையில் பறித்த கொழுந்தின் கணக்கு தோட்ட ஏடுகளில் எழுதப்பட்டது. பறித்தவர் பாடிய பாட்டும், அவர் அறிந்த மருந்தும், அவர் வந்த வழியும் இன்னும் சில முதியோரின் நினைவில் உள்ளன. அவர்களிடம் சென்று கேட்டு எழுதும் பணி, இன்று தமிழ்ப் பள்ளியில் அமர்ந்திருக்கும் மாணவரால் ஆகக்கூடிய பணியே ஆகும்.