மதுரை வானூர்தி நிலையம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மயிற்பொறியில் விசயை பறந்ததைச் சீவக சிந்தாமணியில் பயின்றோர்க்கு வானூர்தி புதுமையன்று. எனினும் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் மக்களுக்கு அது மதுரைக்குத் தெற்கே, பெருங்குடியை அடுத்த நிலத்தில்தான் வந்திறங்கியது. 1942இல், இரண்டாம் உலகப்போரின்போது, பிரித்தானிய விமானப்படை பயன்கொண்ட தளம் அது. போருக்கென வகுத்த ஓடுதளத்தில் 1956இல் பயணியர் போக்குவரத்துத் தொடங்கியது நற்பேறே. ஆயினும் கடல்கடந்து பிழைக்கச் சென்ற இவ்வூரார் நெடுங்காலம் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்றே வானேறினர். வழியனுப்ப வந்த தாய்மார் பலர் பேருந்து நிலையத்தோடு நின்றனர். புதிய முனையம் 2010இல் திறக்கப்பெற்றது. 2012 செப்டம்பர் 20ஆம் நாள் கொழும்புக்கு முதல் அயல்நாட்டு விமானம் புறப்பட்டது. அவ்வாண்டே திருச்சியும் கோவையும் பன்னாட்டுத் தகுதி பெற்றன. மதுரைக்கோ சுங்க நிலையம் என்னும் பெயரே வாய்த்தது. இரவில் மூடியிருந்த வாயில் 2024 அக்டோபரில்தான் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்தது.