சுவர் துடைத்த மாவு

சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அருகில் வந்து நிற்கும் குழந்தைக்கு ஒரு சிறு உருண்டையைக் கிள்ளிக் கொடுப்பது, வடநாட்டில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் வழக்கமாகிவிட்டது. குழந்தை அதனை உருட்டிப் பாம்பு என்னும். தட்டி நிலா என்னும். அந்த உருண்டைக்கு நெருங்கிய உறவான ஒரு பண்டத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

உருவம் பிடிக்கக் களிமண்தான் பழமையானது. ஆனால் அஃது உலர்ந்தால் வெடிக்கும். இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவியம் கற்பித்த வில்லியம் ஹார்பட், 1897-இல், உலராத களி ஒன்றைக் கண்டார். அதுவே பிளாஸ்டிசின். எனினும் அது சற்று இறுக்கமானது. பிஞ்சு விரல்களுக்கு எளிதில் வசப்படுவதில்லை.

மாவின் கதை வேறு. 1930-களில் அமெரிக்க வீடுகள் பல நிலக்கரி எரித்துக் குளிர் காய்ந்தன. சுவரில் ஒட்டிய அலங்காரக் காகிதத்தின்மீது புகைக்கரி படிந்தது. நீர் பட்டால் காகிதம் கெட்டுவிடும். ஆதலால் பிசைந்த மாவுருண்டையைச் சுவர்மீது உருட்டிக் கரியை ஒற்றி எடுத்தனர். சின்சினாட்டி நகரிலிருந்த குட்டால் என்னும் நிறுவனம் இம்மாவைச் செய்து விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் எரிவாயுவும் எண்ணெயும் நிலக்கரியின் இடத்தைப் பிடித்தன. கழுவத்தக்க வினைல் காகிதமும் வந்தது. பண்டத்தில் பழுது ஏதுமில்லை. அது துடைக்க வேண்டிய அழுக்குத்தான் மறைந்துவிட்டது! நிறுவனம் நொடித்துப்போகும் நிலையை எய்தியது.

அதனை நடத்திய ஜோசப் மெக்விக்கரின் உறவினர் கே ஸூஃபால் என்னும் அம்மையார் மழலைப் பள்ளி நடத்தி வந்தார். சுவர் துடைக்கும் மாவால் உருவங்கள் செய்யலாம் என்று எங்கோ படித்தவர், அதனை வாங்கித் தம் பள்ளிக் குழந்தைகளிடம் கொடுத்தார். அவர்கள் கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் செய்து மகிழ்ந்தனர். செய்தி ஜோசப்பை எட்டியது. அவர் நினைத்திருந்த பெயர் 'ரெயின்போ மாடலிங் காம்பவுண்ட்'. இத்தகைய நீண்ட பெயரை எந்தக் குழந்தை கேட்டு வாங்கும்? அம்மையாரும் அவர் கணவரும் 'பிளே-டோ' என்றனர். விளையாட்டு மாவு என்பதே அதன் பொருள். துப்புரவுச் சரக்கு நீக்கப்பட்டு, 1956-இல் அது கடைக்கு வந்தது. முதலில் வெண்மை கலந்த ஒரே நிறம். மறு ஆண்டில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் சேர்ந்தன.

இதன் குணம் கோதுமையின் குணமே. நீர் சேர்த்துப் பிசைகையில் கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் இழைஇழையாகப் பின்னி, இழுத்தால் நீளும் தன்மையைத் தருகிறது. அரிசி மாவில் அது கிடையாது; வெந்நீர் விட்டுக் கிளறாத கொழுக்கட்டை மாவு கையில் விண்டுபோவதை நம் இல்லத்தரசிகள் நன்கறிவர். உப்பு, பூசணம் பிடியாமல் காக்கிறது. எண்ணெய், கையில் ஒட்டாமல் காக்கிறது. திறந்து வைத்தாலோ நீர் வற்றிக் கல்லாகும். கோதுமை ஒவ்வாத குழந்தைகளிடம் இதனைக் கொடுக்குமுன் எச்சரிக்கை தேவை.

1965-இல் ஜோசப்பும் அவர் சிற்றப்பா நோவாவும் இம்மாவிற்குக் காப்புரிமை பெற்றனர். 2018-இல் அமெரிக்க அரசு இதன் மணத்தையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. அம்மணத்திற்கு அளிக்கப்பட்ட விளக்கத்தில் வனிலாவும் செர்ரியும் இடம்பெற்றன. அவற்றோடு, நம் அடுக்களையில் நாள்தோறும் எழுகின்ற, உப்பிட்டுப் பிசைந்த கோதுமை மாவின் மணமும் இடம்பெற்றது.