பாக் விரிகுடாவில் காற்றும் விசைப்படகும்

வடக்கே கோடியக்கரை, மேற்கே தொண்டி, தெற்கே இராமேசுவரம் தீவும் இராமர் பாலத்து மணல்திட்டுகளும், கிழக்கே மன்னாரும் யாழ்ப்பாணமும் சூழ்ந்த பாக் விரிகுடாவைக் கடல் என்று சொல்வதற்கே சற்றுத் தயங்க வேண்டும். சராசரி ஆழம் பத்து மீட்டருக்கும் குறைவு. அடியில் சேறும் மணலும், பரந்த கடல்புல் மேடைகளும். இறால், நண்டு, கணவாய், காரல், ஓரா எல்லாம் கரைக்கு அருகிலேயே கிடைக்கின்றன. இத்தனை ஆழம் குறைந்த நீரை அடிவரை வழித்தெடுப்பது கடினமல்ல. அதனால் யார், எப்போது, எங்கே வலைபோடுவது என்பதே இங்கு முதல் கேள்வி. பாய்மரக் காலத்தில் அந்தக் கேள்விக்குப் பெரும்பகுதி விடை சொன்னது காற்று. பருவம் என்பது வெறும் வானிலை அன்று, கடலைப் பங்கிட்டுத் தந்த ஏற்பாடும் அதுவே. எஞ்சின் அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. கடந்த ஐம்பது ஆண்டுகளாக வந்த சட்டங்களும் ஒப்பந்தங்களும் அந்த இடத்தை நிரப்பப் பார்த்து இன்னும் முழுமையாக நிரப்பவில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

இராமேசுவரம் தீவுக்காரர்கள் வடக்கில் உள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கில் உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். சுற்றுலா வழிகாட்டிகளும் இதைச் சொல்கிறார்கள், ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். கச்சான், சோழகம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழ்: வடகடலில் படகு நிற்காது, தென்கடல் வசப்படும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்ததும் இந்த வாடைப் பருவத்தில்தான். ஆகவே தீவிலும் மண்டபத்திலும் படகுகள் காற்று மாறும்போதெல்லாம் கரை மாறின; ஒரு கடல் உழைக்கும்போது மற்றது ஓய்ந்தது. இரண்டு கடலையும் ஒரே நேரத்தில் வளைத்துப் பிடிக்க யாராலும் முடியவில்லை. இலங்கையிலும் இதே கதைதான். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் கரையில் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்கிலும் கிழக்கிலும் வாடி கட்டித் தங்கின, காற்று திரும்பியதும் கலைத்துக்கொண்டு ஊர் திரும்பின.

கருவிகளும் இதற்கு ஏற்றவையே. கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கத்து வத்தைகள் குறுக்குப் பலகையில் ஆட்களை ஏற்றிச் சமநிலை காத்துப் பாய்விரித்து ஓடியவை; இந்த ஆழமற்ற நீருக்கென்றே உருவான படகுகள் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் படகுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் கவனித்திருக்கிறார். கரைவலை இழுக்க அலை அடங்கிய கரை வேண்டும், முறையும் வேண்டும். யார் முதலில் வளைப்பது, அடுத்து யார் என்ற பாட்டு முறை அங்கே இருந்தது. நண்டுக்கும் மீனுக்கும் நிலையாகக் கட்டும் வலைகளுக்கு இடம் பேசி வைத்திருந்தார்கள். ஆக, காற்று பருவத்தைப் பிரித்தது. பருவத்துக்குள் இடத்தையும் முறையையும் ஊர் பிரித்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அவர்கள் கடலைக் காக்கவில்லை, போக முடியாததால் போகவில்லை; இயலாமைக்கு அறிவு என்று பெயர் சூட்டுவது பழமைப் பித்து. மறுப்பின் முதல் பாதி உண்மை. அடியைத் துழாவிப் பிடிக்கும் ஆசைகூட எஞ்சினோடு வந்ததல்ல. தல்லுமடி என்ற சிறு இழுவை மடியைப் பாய்விரித்த வள்ளங்களே இழுத்திருக்கின்றன. ஓய்ந்த மாதங்களின் சுமையும் சின்னதல்ல. வாடைக் காலத்து அடுப்பு வியாபாரி கொடுத்த முன்பணத்தில்தான் எரிந்தது, அந்தக் கடனுக்கு அடுத்த பருவத்து மீன் மலிவாகப் போனது. இதைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் ஓர் ஏற்பாடு என்ன செய்தது என்பதை அதை ஏற்படுத்தியவர்களின் நோக்கத்தை வைத்து அளப்பதில் பொருளில்லை. காற்றுக்கு எந்த நோக்கமும் இல்லை. அதன் விளைவு மட்டும் இருந்தது, அந்த விளைவு பெரிய படகுக்கும் சிறிய படகுக்கும் ஒன்றாக இருந்தது. அக்காலத்தில் கட்டுப்பாடே அறியப்படாதிருந்தது என்பதும் சரியல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு, வாடைக்கும் கச்சானுக்கும் இடையே கடல் அடங்கும் மாசி, பங்குனி மாதங்களை ஒட்டியே நடந்தது. சிப்பி முதிரவில்லை என்று பார்வையிட்டவர்கள் சொன்ன ஆண்டுகளில் குளிப்பையே விட்டார்கள். தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக் குளிப்பே நடக்கவில்லை. வருமானம் தரும் சிப்பிக்கு அரசு காத்திருந்தது. காரல் மீனுக்காகக் காத்திருக்க அரசுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை, அந்த வேலையைக் காற்று பார்த்தது.

1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளத்து நீண்டகரையில் தொடங்கியது. எஞ்சின் பொருத்திய படகும் இழுவை மடியும் அங்கிருந்து பரவி 1960களில் தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்தன. வெளிநாட்டுச் சந்தையில் இறாலுக்குக் கிடைத்த விலைதான் அவற்றை நிலைக்கச் செய்தது. கடன் வாங்கி விசைப்படகு வாங்கியவருக்குத் தவணை மாதந்தோறும் வரும். தவணைக்குக் கச்சானும் வாடையும் தெரியாது. இதைப் பேராசை என்று மட்டும் எழுதிவிட முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதனால் கூரை மாற்றின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஆனால் ஓய்வு என்பது முதல்முறையாக ஏறிக்கொண்டே போகும் நட்டமாக மாறியது. பாய்மரம் ஓய்ந்தால் நட்டம் அன்றைய சாப்பாடு. விசைப்படகு ஓய்ந்தால் டீசலும் வட்டியும் சேர்ந்து ஏறும். படகின் பசிக்கு ஏற்றபடி இடமும் விரிந்தது. இழுவை மடி, நிலையாகக் கட்டிய வலைகளை அறுத்துக்கொண்டு போனபோது கரையில் கைகலப்பு மூண்டது.

அதற்குப் பிறகு வந்த விதிகளை வரிசையாகப் பார்த்தால் காற்றின் இடத்தைக் கடிகாரத்தாலும் அளவுகோலாலும் நிரப்பும் முயற்சி தெரியும். 1970களின் பிற்பகுதியில் இராமேசுவரம் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்தார்கள். என் கணிப்பில் அந்த நீண்ட வரிசையிலேயே இதுதான் கெட்டிக்காரத்தனமான விதி. கரையிலிருந்தபடியே சரிபார்க்கலாம், மீறினால் ஊர் முழுக்கத் தெரியும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு பிடிக்கக் கூடாது என்றது. நீருக்குள் கோடு கிழிப்பது எளிது, இரவில் அதைக் காப்பவர் யார் என்பதைச் சட்டத்தால் சொல்ல முடியவில்லை. இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 கடலெல்லை ஒப்பந்தங்கள் அதற்கு முன்பே இன்னொரு கோட்டை வரைந்திருந்தன. 1983க்குப் பிறகு இலங்கைப் போர் வடக்குத் தமிழ் மீனவர்களைக் கரையில் கட்டிப்போட்டது. அவர்கள் விட்ட நீரில் இந்த விசைப்படகுகள் இறங்கின. 2009இல் போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பியபோது கடல் காலியாகக் காத்திருக்கவில்லை.

இந்த முயற்சிகளில் பெரிது 2001இல் வந்த மீன்பிடித் தடைக்காலம். முதலில் 45 நாள், 2017 முதல் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். இதை வைத்து, பருவம் மீண்டும் வந்துவிட்டதே என்பார்கள். மீன் இனப்பெருக்கத்துக்கு இடம் தரும் நல்ல நோக்கம் அதில் இருக்கிறது, அந்த இரண்டு மாதம் கடலடிக்கு இழுவை மடியிலிருந்து ஓய்வும் கிடைக்கிறது. ஆனால் மேற்குக் கரையின் தடையை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஜூன், ஜூலையில், தென்மேற்குப் பருவமழையில் படகு போகவே அஞ்சும் நாள்களில் தடை வருகிறது. சட்டமும் வானமும் ஒன்றையே சொல்கின்றன. கிழக்குக் கரையில் தடை விழுவது வடகடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில். சட்டம் ஒன்று சொல்ல, கடல் வேறொன்று சொல்கிறது. கோடியக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் உள்ள காற்றுவேறுபாடு நாள்காட்டிக்குத் தெரியாது. காற்று பேரத்துக்கு வராது, அறிவிக்கை வரும்: 2020இல் பெருந்தொற்று ஊரடங்கைக் காரணம் காட்டி அதே தடை மே 31இலேயே முடிக்கப்பட்டது. தடை முடியும் நாளில் எல்லா விசைப்படகும் ஒரே நேரத்தில் இறங்குவதால் இரண்டு மாதம் சேர்ந்தது சில நாள்களில் கரையேறுகிறது. காற்று திரும்பும்போது கடல் இப்படி ஒரே நாளில் திறந்ததில்லை.

இழுவை மடியையே குறைக்க 2017இல் இன்னொரு வழி தேடினார்கள். மூன்றாண்டில் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றும் திட்டம் ஏறத்தாழ 1,600 கோடி ரூபாய் செலவில் அறிவிக்கப்பட்டது. மாறியவை அதில் மிகச் சிறு பகுதிதான். அதே ஆண்டு இலங்கை தன் கடற்பரப்பில் இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆக இன்று இந்த ஒரே விரிகுடாவில் இரண்டு நாட்டுச் சட்டங்கள் ஓடுகின்றன. ஒன்று கருவியைத் தடுக்கிறது, மற்றது நாளைத் தடுக்கிறது. சித்திரை பிறந்ததும் தமிழ்நாட்டு விசைப்படகுகள் கரையேற, மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் உள்ளவர்கள் வலை அறுபடும் பயமின்றி இரவில் வலை விடுகிறார்கள். எந்தக் காற்றும் வீசித் தராத இந்தப் பருவத்தை அவர்களுக்குத் தந்தது அக்கரையில் இடப்பட்ட ஓர் உத்தரவு. அதை எழுதியபோது அவர்களைக் கேட்டவர் யாருமில்லை, அதை நீட்டவோ குறைக்கவோ அவர்களால் முடியவும் முடியாது.